கூடைப்பந்தும் குரு பரம்பரையும்

மாத்தளை மாவட்டத்தின் வடபுறத்தே, இனாமலுவைச் சந்தியில் பெருந்தெருவை விட்டுத் திரும்பிச் சீகிரியாவுக்கு வருகின்ற யாத்திரிகர்களுள் பெரும்பாலோர், 5ஆம் நூற்றாண்டிலே காசியப்ப மன்னன் தன் அரண்மனையை எழுப்பிய கற்பாறையின் உச்சியை ஒருமுறை கண்டு மீள்வதையே நோக்கமாகக் கொண்டவர்களாதலால், தாங்கள் விட்டு வந்த பெருந்தெரு அப்பால் எங்கே போகிறது என்பதை நினைத்துப் பார்ப்பதில்லை. அது ஹபரணையை அடைந்ததும் அங்கிருந்து ஒரு வழி காட்டினூடே திருகோணமலைக்கும், மற்றொரு வழி பொலன்னறுவை, வாழைச்சேனை ஆகிய ஊர்களைக் கடந்து மட்டக்களப்புக்கும் செல்கின்றன. அவ்விரு வழிகளின் முடிவிலும் உள்ள கடலோரப் பட்டினங்களில், அமெரிக்காவிலே பிறந்த கூடைப்பந்தாட்டம் தமிழ்ப் பிள்ளைகளின் வாழ்விலே வேரூன்றிய சரித்திரம் ஒன்று உண்டு. அதனைப் பின்னர்ச் சொல்ல வேண்டும். அதற்கு முன்னால், சென்னையிலே பிறந்து, இந்திய அணிக்காக 18 ஆண்டுகள் ஆடி, ஆட்டத்தை நிறுத்தியபின் அதனைச் சிறுமியருக்குக் கற்பிக்கும் ஆசிரியையாகிவிட்ட அனிதா பால்துரை என்னும் தமிழ்ப் பெண்மணியின் வரலாற்றைச் சொல்வதே முறை. ஆடுகின்றவர் ஆசானாக மாறும் திருப்பம் எத்தன்மையது என்பதை அவருடைய வாழ்க்கையைப் போலத் தெளிவாகக் காட்டும் உதாரணம் நம்மவர்களிடையே எனக்குத் தெரிந்தவரை வேறில்லை.

சங்கீத வித்துவானுக்கும் சிற்பிக்கும் புலவருக்கும் பிராயம் ஏற ஏற வித்தை கனிகின்றது. விளையாட்டு வீரர்களுக்கோ, மற்றைய தொழில்களில் மனிதர்கள் அப்போதுதான் நிலைபெறத் தொடங்குகின்ற முப்பதுகளின் நடுப்பகுதியிலேயே, சரீரம் விடைபெற்றுக்கொள்கிறது. இருபது ஆண்டு அப்பியாசத்தால் கைகளிலும் கால்களிலும் கண்களிலும் சேர்ந்த ஞானம் அவ்வளவும், அதன் முதிர்ச்சி நிலையிலே, பயன்படுத்த இடமின்றி நின்றுவிடுகிறது. அதைப் பிறருக்குக் கொடுக்க வகையுண்டா, உண்டாயின் எவ்வாறு என்னும் கேள்வி எந்த விளையாட்டிற்கும் பொதுவானதே. எனினும், கூடைப்பந்தாட்டத்தில் அது விசேஷமான ஒரு சரித்திரத்தை உடையதாக இருக்கிறது.

1891ஆம் ஆண்டு டிசெம்பர் மாதத்திலே, அமெரிக்காவின் மசாசூசெட்ஸ் மாநிலத்திலுள்ள ஸ்பிரிங்ஃபீல்ட் நகரில், வாலிபர் கிறிஸ்தவ சங்கத்தின் பயிற்சிக் கல்லூரியில் ஆசிரியராயிருந்த ஜேம்ஸ் நெய்ஸ்மித் என்பவர், பனிக்காலத்திலே கட்டடத்திற்குள் அடைபட்டுக் கிடந்த மாணவர்களின் உற்சாகத்திற்கு ஒரு வடிகால் தேடி, பீச் பழம் சேகரிக்கும் இரண்டு கூடைகளை மாடி விளிம்பிலே அறைந்து, பதின்மூன்று விதிகளை எழுதி, இந்த ஆட்டத்தைத் தோற்றுவித்தார். அந்த விளிம்பு தரையிலிருந்து பத்து அடி உயரத்தில் இருந்தமையால், இன்றளவும் வளையத்தின் உயரம் அதே பத்து அடியாக, 3.05 மீற்றராக, நிலைத்துவிட்டது. பிற்காலத்திலே கான்ஸாஸ் பல்கலைக்கழகத்திற்கு அவர் சென்று அங்கே அணியை நடத்தியபோது, 55 ஆட்டங்களில் வெற்றியும் 60 ஆட்டங்களில் தோல்வியுமே கிட்டின. அப்பல்கலைக்கழகத்தின் பயிற்றுநர்களுள் வெற்றியினும் தோல்வி மிகுந்தவர் இந்த ஆட்டத்தைக் கண்டுபிடித்தவர் ஒருவரேயாவார். அவர் அதைப் பொருட்படுத்தவுமில்லை. தம் மாணவராகிய ஃபாரஸ்ட் அலன் என்பவர் வேறொரு கல்லூரிக்குப் பயிற்றுநராகச் செல்லவிருப்பதைத் தெரிவித்தபோது, இந்த ஆட்டம் கற்பிப்பதற்குரியதன்று, ஆடுவதற்கே உரியது என்னும் கருத்தில் அவர் பதிலளித்தார் என்று ஒரு வரலாறு வழங்கி வருகிறது.

மாணவர் குருவின் வார்த்தையை மீறினார். அதனாலே ஒரு பரம்பரை உண்டாயிற்று. அலனிடம் கான்ஸாஸில் ஆடிய டீன் ஸ்மித், பின்னர் வட கரோலினாப் பல்கலைக்கழகத்திலே 1961 முதல் 1997 வரை பயிற்றுநராயிருந்து 879 வெற்றிகளைக் கண்டார். அவரிடம் பயின்ற மாணவர்களுள் ஒருவரே மைக்கேல் ஜோர்டன். ஆட்டத்தைப் படைத்தவரிடமிருந்து எண்ணிப் பார்த்தால், ஜோர்டன் நான்காம் தலைமுறையினர். நம்முடைய நாட்டிலே ஒரு பாடகரைப் பற்றிப் பேசும்போது அவர் எவரிடம் பாடம் கேட்டார், அந்த எவரோ எவரிடம் கேட்டார் என்று விசாரிக்கின்ற வழக்கத்தைப் போன்றே, கூடைப்பந்தாட்டத்திலும் ஒருவருடைய கையசைவைக் கண்டே அவருடைய குரு இன்னாரென்று சொல்லக்கூடிய ரசிகர்கள் இருக்கிறார்கள்.

இந்தியாவுக்கும் அதே ஸ்பிரிங்ஃபீல்டின் தொடர்பினாலேயே இந்த வித்தை வந்து சேர்ந்தது. அங்கே பயின்ற ஹாரி குரோ பக் என்னும் அமெரிக்கர், 1920ஆம் ஆண்டு சென்னையிலே வாலிபர் கிறிஸ்தவ சங்கத்தின் உடற்கல்விக் கல்லூரியை நிறுவினார். நந்தனத்தில் இன்றும் நிலவுகின்ற அந்தக் கல்லூரியிலிருந்து வெளிவந்த உடற்கல்வி ஆசிரியர்கள் தென்னாட்டின் பள்ளிக்கூடங்களெங்கும் பரவினார்கள். தமிழ்நாட்டில் கூடைப்பந்துக்கு உள்ள செல்வாக்கிற்கு இது ஒரு முக்கிய காரணம் என்றே நான் கருதுகிறேன். ஆட்டத்தை ஆடக் கற்றவர்கள் வந்ததற்கு முன்பே, அதனைக் கற்பிக்கக் கற்றவர்கள் அங்கே வந்துவிட்டார்கள்.

அனிதா 1985ஆம் ஆண்டு ஜூன் மாதம் 22ஆம் நாள் சென்னையிலே பிறந்தவர். சிறு பிராயத்தில் ஓட்டப் பந்தயங்களிலும் கைப்பந்தாட்டத்திலும் ஈடுபட்டிருந்த அவரைக் கூடைப்பந்தின் பக்கம் ஈர்த்து வளர்த்த ஸ்தாபனம் 'ரைஸிங் ஸ்டார்' என்னும் கழகம். குரு, அதன் பயிற்றுநர் என். சம்பத். பெண்பிள்ளைகள் பந்தயங்களுக்காக வெளியூர் செல்வதையும், முழங்காலுக்கு மேலான உடையணிந்து பலர் காண ஆடுவதையும் குடும்பங்கள் தயக்கத்தோடு நோக்கிய காலத்திலே, பெண்களுக்கென்று சிரத்தையோடு நடத்தப்பட்ட கழகங்கள் செய்த காரியம் சாதாரணமானதன்று. அத்தகைய கழகத்திலே பிள்ளை சேருகிறாள் என்றால், பந்தைக் கற்பிப்பதற்கு முன்னால் பெற்றோரின் நம்பிக்கையைச் சம்பாதிக்க வேண்டிய பொறுப்பும் பயிற்றுநருடையதாகிறது.

பதினைந்து வயதை எட்டிய 2000ஆம் ஆண்டு தொடங்கி 2017 வரையில் அவர் இந்திய அணிக்கு ஆடினார். ஆசியப் பெண்கள் சாம்பியன் போட்டித் தொடர்களில் ஒன்பது முறை ஆடிய முதல் இந்தியப் பெண்மணி அவர். தேசியப் போட்டிகளில் அவர் வென்ற பதக்கங்கள் 30. பத்தொன்பதாம் வயதிலேயே இந்தியப் பெண்கள் அணியின் தலைமை அவரிடம் வந்தது. அவருக்கு முன் அத்துணை இளம் பிராயத்தில் அப்பொறுப்பை ஏற்றவர் எவருமில்லை.

இங்கே, 'தொழில்முறை வீரர்' என்று நாம் எவரைச் சொல்லுகிறோம் என்பதைச் சற்று விளக்க வேண்டும். அமெரிக்காவிலே கழகங்கள் வீரர்களுக்குக் கோடிக்கணக்கில் ஊதியம் கொடுக்கின்றன; இந்தியாவிலும் இலங்கையிலும் கூடைப்பந்து வீரர்களைப் போஷித்து வந்தவை கழகங்களல்ல, உத்தியோகங்கள். இந்தியாவிலே ரயில்வே, காவல் துறை, வங்கிகள். இலங்கையிலே முப்படைகள், வர்த்தக நிறுவனங்கள். அனிதாவும் தென்னக ரயில்வேயின் ஊழியர். காலையும் மாலையும் பயிற்சி, பந்தயக் காலத்தில் விடுப்பு, மாதந்தோறும் நிச்சயமான சம்பளம், ஆட்டம் ஓய்ந்தபின்னும் நிலைத்திருக்கிற உத்தியோகம் என்கிற இந்த ஏற்பாடு பகட்டில்லாததுதான். ஆனால், இந்திய ரயில்வே பெண்கள் அணி பல்லாண்டுகளாகத் தேசியப் போட்டிகளில் கோலோச்சி வந்ததற்கும், முப்பது வயதைக் கடந்த பெண்கள் ஆட்டக்களத்தில் நிலைத்திருக்க முடிந்ததற்கும் அந்த ஏற்பாடே ஆதாரம். ஊதியத்திற்காக மட்டும் ஆடுகின்ற நாடுகளில், ஆட்டம் முடிந்த மறுநாள் வீரர் தெருவிலே நிற்கக்கூடும். இங்கே அவர் அலுவலகத்திலே இருக்கிறார், மாலையில் மைதானத்திற்கு வர அவகாசமுள்ளவராக இருக்கிறார். பயிற்றுநர்கள் உண்டாவதற்கு இது எத்துணை உதவியானது என்பதை நம் விளையாட்டு அதிகாரிகள் போதுமான அளவு உணர்ந்திருப்பதாகத் தோன்றவில்லை.

அனிதாவின் வெற்றிகளுள் ஒன்றை இந்தக் கட்டுரையின் நோக்கத்திற்காகத் தனித்து எடுத்துக்கொள்ள விரும்புகிறேன். 2013ஆம் ஆண்டு கட்டார் நாட்டின் டோஹா நகரத்தில் நடந்த 'மூவருக்கு மூவர்' ஆசியப் போட்டியில் இந்தியப் பெண்கள் தங்கப் பதக்கம் வென்றார்கள். அந்த அணியில் அவரும் ஒருவர். இந்த வகை ஆட்டம் பாதி மைதானத்தில், ஒரே வளையத்தின் கீழ் நடைபெறுவது. ஓரணிக்கு நால்வர், ஆடுகின்றவர் மூவர், மாற்றுக்கு ஒருவர். பந்து கைக்கு வந்த 12 வினாடிக்குள் எறிந்துவிட வேண்டும். 21 புள்ளிகளை முதலில் எட்டும் அணி வெல்கிறது. எவரும் எட்டாவிடில் பத்து நிமிடத்தில் ஆட்டம் முடிகிறது. இவை எல்லாவற்றிலும் விசேஷமானது, ஆடுகளத்தின் ஓரத்தில் பயிற்றுநருக்கு ஆசனமே கிடையாது என்பதுதான். எப்போது இடைவேளை கேட்பது, எவரை மாற்றுவது, எதிரணியின் உயரமான பெண்ணை எவர் மறிப்பது, முன்னிலையில் இருக்கும்போது நிதானிப்பதா விரைவதா என்பனவற்றையெல்லாம், மூச்சு வாங்கிக்கொண்டே, வியர்வை துடைத்துக்கொண்டே, ஆடுகின்றவர்களே தீர்மானிக்க வேண்டும். அங்கே வீராங்கனையும் பயிற்றுநரும் ஒரே சரீரத்தில் வசிக்கிறார்கள். பத்தொன்பது வயதிலிருந்து அணித்தலைமை ஏற்று, பின்னர் இத்தகைய களத்திலும் வென்ற ஒருவர், ஆட்டத்தை விட்டபின் பயிற்றுநரானார் என்பதில் வியப்பில்லை. அவர் ஆடிக்கொண்டிருந்த காலத்திலேயே பாதிப் பயிற்றுநராகிவிட்டார்.

பின்னர் 2017 வந்தது. அதற்குள் அனிதா ஒரு குழந்தைக்குத் தாயாகியிருந்தார். பிரசவத்திற்குப்பின் பழைய ஓட்டத்தையும் பாய்ச்சலையும் மீட்டுக்கொண்டு சர்வதேச அணிக்குத் திரும்புவது எத்துணைப் பிரயத்தனத்தை வேண்டுவது என்பதை, நம் வீடுகளில் தாய்மார் படுகின்ற பாட்டை அறிந்தவர்கள் ஒருவாறு ஊகித்துக்கொள்ளலாம். ஆசியப் பெண்கள் கிண்ணப் போட்டியிலே நாடுகள் இரண்டு பிரிவுகளாக வகுக்கப்பட்டுள்ளன. மேற்பிரிவில் ஜப்பான், சீனா, அவுஸ்திரேலியா முதலிய வல்லமை மிக்க நாடுகள் ஆட, கீழ்ப்பிரிவில் முதலிடம் பெறும் நாடு மட்டுமே மேலே ஏறத் தகுதி பெறும். அவ்வாண்டு இந்தியா கீழ்ப்பிரிவில் இருந்தது. ஜூலை மாதத்தில் பெங்களூரிலே நடந்த போட்டிக்கு முப்பத்திரண்டு வயது அனிதாவே தலைவி. செர்பிய நாட்டவராகிய ஸோரான் விசிச் பயிற்றுநர். இறுதியாட்டத்தில் உயரத்திலும் உடல் வலிமையிலும் மிகுந்த கஸக்ஸ்தான் பெண்களை எதிர்த்து, 75க்கு 73 என்ற கணக்கில், ஒரே ஒரு கூடையின் வித்தியாசத்தில் இந்தியா வென்று மேற்பிரிவுக்கு ஏறியது. கூடைப்பந்தை அறியாதவர்களுக்கு இரண்டு புள்ளி அற்பமாகத் தோன்றலாம். நாற்பது நிமிட ஆட்டத்தில் இரு தரப்பும் சேர்ந்து 148 புள்ளி எடுத்த பின்னர் அந்த இரண்டிலே ஒரு தேசத்தின் நிலை மாறியது என்பதை எண்ணிப் பார்த்தால், கடைசி நிமிடங்களில் அனுபவம் மிக்க ஒருவர் களத்தில் இருப்பதன் மதிப்பு விளங்கும். அந்த ஆண்டுடன் இந்திய அணியில் அவருடைய ஆட்டம் நிறைவெய்தியது.

அதன் பின் அவர் ஏற்றுக்கொண்ட காரியம், 16 வயதுக்குட்பட்ட சிறுமியரின் இந்திய அணியைப் பயிற்றுவிப்பது. 2021ஆம் ஆண்டு இந்திய அரசு அவருக்குப் பத்மஸ்ரீ விருது வழங்கியபோது, அந்தக் கீர்த்தி அவருடைய ஆட்டத்திற்காகவே வந்ததாயினும், அதைப் பெற்றுக்கொண்டவர் ஒரு பயிற்றுநர்.

ஆடத் தெரிந்தவர்க்குக் கற்பிக்கவும் தெரியும் என்று பலர் எண்ணுகிறார்கள். அனுபவம் அதற்கு மாறாக இருக்கிறது. அமெரிக்காவின் மகத்தான வீரர்களுள் ஒருவராகிய மேஜிக் ஜோன்சன் 1994இல் தாம் ஆடிய லேக்கர்ஸ் அணிக்கே பயிற்றுநராகி, 16 ஆட்டங்களில் ஐந்தில் மட்டுமே வென்று, அந்தப் பருவத்தோடு விலகிக்கொண்டார். மாற்று வீரராகவே பெரும்பாலும் ஆடிய ஃபில் ஜாக்சனோ, பயிற்றுநராகப் பதினொரு சாம்பியன் பட்டங்களை ஈட்டினார். இதன் காரணத்தை ஆராய்ந்தால் ஓர் உண்மை வெளிப்படுகிறது. தூரத்திலிருந்து மூன்று புள்ளிக்கு எறிவதில் பெயர் பெற்ற ஒருவரிடம் சென்று, இதை எப்படிச் செய்கிறீர்கள் என்று கேட்டால், அவர் எறிந்து காட்டுவாரேயன்றி விளக்கிச் சொல்ல மாட்டார். ஏனெனில் அவருடைய கைக்குத் தெரிவது அவருடைய நாவுக்குத் தெரியாது. பாதங்கள் தோளகலத்திற்கு விரிந்திருக்கின்றனவா, முழங்கால் மடிந்த கணத்திலேயே பந்து மேலெழத் தொடங்குகிறதா, முழங்கை வளையத்தை நோக்கி நேராக இருக்கிறதா, பந்து விரல் நுனியை விட்டுப் பிரிந்தபின் மணிக்கட்டு முன்னோக்கி வளைந்து அப்படியே நிற்கிறதா, பந்து பின்னோக்கிச் சுழன்றபடி செல்கிறதா என்று ஒவ்வொன்றாக அது பிரிபடுகிறது. ஆயிரமாயிரம் முறை எறிந்து எறிந்து இவை யாவும் ஒரே அசைவாக இணைந்துவிட்டமையே வீரரின் சித்தி. பயிற்றுநராக வேண்டுமாயின், அந்தச் சித்தியை மீண்டும் உடைத்துத் தனித்தனி உறுப்பாக்கி, எந்தப் பிள்ளையிடம் எந்த உறுப்புப் பழுதாயிருக்கிறது என்று கண்டறிய வேண்டும். இயல்பாகவே எல்லாம் வாய்த்தவர்களுக்கு இந்தப் பகுப்பு எளிதாக வருவதில்லை. தம் குறைகளை ஒவ்வொன்றாக உணர்ந்து திருத்திக்கொண்டு முன்னேறியவர்களுக்கு அது பழக்கமான பாதை.

களத்தின் ஓரத்திலே பயிற்றுநர் படுகின்ற அவஸ்தையும் வீரர் அறியாதது. ஆடுபவர் தம்முடைய பிழையைத் தம் கையாலேயே அடுத்த நிமிடத்தில் திருத்திக்கொள்ளலாம். பயிற்றுநர் மற்றொருவர் கையின் மூலமாகவே திருத்த வேண்டும். அதற்குச் சர்வதேச விதிகள் அவருக்குக் கொடுக்கிற உபாயமோ மிகச் சொற்பம்: முதற்பாதியில் இரண்டு, பிற்பாதியில் மூன்று இடைவேளைகள், ஒவ்வொன்றும் 60 வினாடி. பயத்தினால் முகம் வெளுத்து வந்து நிற்கின்ற பதினைந்து வயதுப் பிள்ளைகள் ஐவரிடம் அந்த அறுபது வினாடியில் எத்தனை வார்த்தை சொல்லலாம்? தேர்ந்த பயிற்றுநர்கள் இரண்டு விஷயத்திற்கு மேல் பேசுவதில்லை. எவரும் ஐந்து முறை விதி மீறினால் வெளியேற வேண்டும் என்பதால், மூன்றாம் தவறு செய்த பிள்ளையைத் தொடர்ந்து ஆடவிடுவதா, உட்கார வைத்து இறுதிக் கட்டத்திற்குப் பாதுகாப்பதா என்னும் தீர்மானமும், 24 வினாடிக்குள் எறிய வேண்டிய பந்தை எவரிடம் சேர்ப்பது என்னும் ஏற்பாடும் பயிற்சி நாட்களிலேயே பிள்ளைகளின் இரத்தத்தில் ஊறியிருக்க வேண்டும். ஆகவேதான் நல்ல பயிற்றுநரின் திறமையைப் பந்தயத்தன்று காண முடிவதில்லை; அது யாரும் பார்க்காத மாலைப் பொழுதுகளிலே செலவாகிவிட்ட திறமை.

பெண்களின் விளையாட்டில் இதனினும் ஆழமான பொறுப்பு ஒன்று உண்டு. 1974ஆம் ஆண்டு, இருபத்திரண்டு வயதிலே, டெனெஸீ பல்கலைக்கழகப் பெண்கள் அணிக்குப் பயிற்றுநரான பாட் சம்மிட் என்னும் அமெரிக்கப் பெண்மணி, மாதம் 250 டொலர் சம்பளத்தில், அணியின் வாகனத்தைத் தாமே ஓட்டி, பெண்களின் ஆட்ட உடைகளைத் தாமே துவைத்துக் கொடுத்து அந்த வேலையைத் தொடங்கினார். 1976 மொன்றியல் ஒலிம்பிக்கில் வீராங்கனையாக வெள்ளிப் பதக்கம் பெற்றார். 1984 லொஸ் ஏஞ்சலிஸ் ஒலிம்பிக்கில் பயிற்றுநராகத் தங்கம் பெற்றார். 2012இல் ஓய்வு பெறும்போது அவருடைய வெற்றிகள் 1,098. இந்த எண்ணைக் காட்டிலும் அந்த உடை துவைத்த கைகளே என் மனத்தில் நிற்கின்றன. பெண்பிள்ளை ஒருத்தி ஆட்டத்தை விடுவது பெரும்பாலும் எறியத் தெரியாமையால் அன்று. பரீட்சை வருகிறது, வீட்டில் வேண்டாமென்கிறார்கள், மாலையில் தனியே வர வழியில்லை, கலியாணம் பேசுகிறார்கள் என்னும் காரணங்களாலேதான். அந்தக் காரணங்களையெல்லாம் தம் வாழ்விலே சந்தித்து, தாயான பின்னும் தேசிய அணியின் தலைவியாய் நின்ற ஒருவர் பயிற்றுநராக எதிரே நிற்கும்போது, அவர் வாய் திறந்து சொல்லாமலே பிள்ளைகளும் அவர்களைப் பெற்றவர்களும் கற்றுக்கொள்வது மிகுதி.

இனி, திருகோணமலைக்கும் மட்டக்களப்புக்கும் வருகிறேன். இரண்டாம் உலக யுத்தம் முடிந்த காலத்திலே, அமெரிக்காவின் நியூ ஓர்லியன்ஸ் மறைமாநிலத்தைச் சேர்ந்த இயேசு சபைத் துறவிகள் கிழக்கிலங்கைக்கு அனுப்பப்பட்டார்கள். அவர்களுள் ஒருவர் லூசியானா மாநிலத்தவராகிய யூஜின் ஹெபேர்ட். 1948இல் இங்கு வந்த அவர், திருகோணமலைப் புனித சூசையப்பர் கல்லூரியிலும், பின்னர் 1873இல் நிறுவப்பெற்ற மட்டக்களப்புப் புனித மிக்கேல் கல்லூரியிலும் கூடைப்பந்தைக் கற்பித்தார். கொழும்பின் செல்வாக்குமிக்க கல்லூரிகள் கிழக்குக்கரைப் பையன்களின் பெயரைக் கேட்டாலே ஆயத்தமாகிக்கொள்ளும்படி அந்த அணிகளை அவர் ஆக்கினார். மிக்கேல் கல்லூரி இன்றளவும் இந்நாட்டுக் கூடைப்பந்தில் தனிப் பெயருடையது. தேசிய அணிக்கு வீரர்களைக் கொடுத்து வருவது. அவருடைய சகோதரத் துறவியாகிய ஹரோல்ட் வெபர் பாதிரியாரின் பெயரால் மட்டக்களப்பிலே வெபர் மைதானம் இருக்கிறது.

ஹெபேர்ட் பாதிரியார் கற்பித்தது பந்தை மட்டுமன்று. பிற்காலத்திலே மட்டக்களப்பிலுள்ள கிழக்குத் தொழில்நுட்ப நிலையத்தின் பணிப்பாளராய், வறிய இளைஞர்களுக்குத் தச்சும் இயந்திர வேலையும் பழக்கினார். யுத்த நாட்களில் சமாதானக் குழுவிலே இருந்து, காணாமற்போனவர்களைத் தேடி வந்த தாய்மாருக்காக வாதாடினார். 1990ஆம் ஆண்டு ஆகஸ்டில் இனக்கலவரம் மூண்டபோது, வாழைச்சேனையில் சிக்குண்டிருந்த கன்னியாஸ்திரீகளுக்கு உதவும் பொருட்டு அங்கே சென்றார். அவர்களுக்கு வேண்டியதைச் செய்து முடித்து, அம்மாதம் 15ஆம் நாள், ஓர் இளைஞரைப் பின்னால் ஏற்றிக்கொண்டு தம் ஸ்கூட்டரில் மட்டக்களப்புக்குத் திரும்பியவர் ஊர் வந்து சேரவில்லை. ஏறாவூர்ப் பக்கத்திலே கடைசியாகக் காணப்பட்ட அவ்விருவரும் என்னவானார்கள் என்பது இன்றுவரை வெளிப்படவில்லை. அப்போது அவருக்கு அறுபத்தாறு வயது. இந்த நாட்டிற்கு வந்து நாற்பத்திரண்டு ஆண்டுகளாகியிருந்தன. சீகிரியாவின் சந்தியிலிருந்து புறப்படுகின்ற அந்தத் தெருவிலே ஹபரணையைக் கடந்து கிழக்கே செல்பவர்கள், வாழைச்சேனைக்கு அப்பால் அவர் போன வழியாகவே போகிறார்கள்.

ஹெபேர்ட் பாதிரியார் ஊதியம் பெற்று ஆடிய வீரரல்லர். ஆயினும் அவரையும் அனிதாவையும் ஒரே கட்டுரையிலே வைத்து நான் பேசுவதற்குக் காரணம், இவ்விருவரிடையே உள்ள ஒரு வேறுபாடு. முற்காலத்திலே நமக்கு ஆசான்கள் கடல் கடந்து வர வேண்டியிருந்தது. பக் வந்தார், ஹெபேர்ட் வந்தார். இப்போதோ சம்பத் போன்ற உள்ளூர் ஆசானிடம் கற்ற சென்னைப் பெண் ஒருத்தி, அடுத்த தலைமுறைக்குத் தானே ஆசானாகிவிட்டாள். வித்தை தன் மண்ணிலேயே முளைத்து, பூத்து, விதையும் கொடுக்கத் தொடங்கியிருக்கிறது. இந்தச் சுழற்சி ஓரிடத்தில் அறுந்தாலும் மறுபடி வெளியூரிலிருந்து விதை வாங்க வேண்டிவரும்.

நம் நாட்டிலே அது அறுந்துவிடாதிருக்க வேண்டும் என்னும் கவலை எனக்கு உண்டு. கூடைப்பந்திலிருந்தே பிரிந்து வளர்ந்த வலைப்பந்தாட்டத்தில், யாழ்ப்பாணத்துப் புன்னாலைக்கட்டுவனைச் சேர்ந்த தர்ஜினி சிவலிங்கம், 2.08 மீற்றர் உயரத்தோடும் அதனினும் உயர்ந்த உழைப்போடும் இலங்கை அணியைத் தாங்கி நின்று, 2018இல் சிங்கப்பூரிலே ஆசியக் கிண்ணத்தை வென்று தந்ததை நாடு முழுவதும் கொண்டாடியது. அவுஸ்திரேலியக் கழகங்களிலும் ஆடியவர் அவர். வளையத்தின் கீழே உயர நின்று, எங்கிருந்து வரும் பந்தையும் ஒரு கையால் பற்றி, அவசரமின்றி எறிகிற அந்த நிதானத்தை அவர் எங்கே எப்படிச் சேர்த்துக்கொண்டார் என்பதை வன்னியிலும் மலையகத்திலும் உள்ள பிள்ளைகளுக்கு அவரே வந்து சொல்லித் தருவதற்கு, பாராட்டு விழாக்களைத் தவிர வேறு எந்த ஏற்பாட்டை நாம் செய்திருக்கிறோம்?

மாத்தளை மாவட்டத்தைப் பொறுத்தவரையில், பெருங்கல்லூரிகள் நகரத்தோடு நின்றுவிடுகின்றன. தம்புள்ளை, சீகிரியாப் பகுதிகளின் கிராமப் பாடசாலைகளிலும், இரத்தோட்டை, உக்குவளைப் பகுதித் தோட்டப் பாடசாலைகளிலும் ஓடவும் தாவவும் வல்ல பிள்ளைகளுக்குக் குறைவில்லை. ஒரு கம்பத்தை நட்டு 3.05 மீற்றர் உயரத்தில் வளையத்தை மாட்டுவதற்கும் பெருஞ்செலவாகாது. பயிற்றுநர் ஒருவருக்குத்தான் பஞ்சம். ஆனால் சீகிரியாவிலேயே விமானப்படையின் தளம் ஒன்று இருக்கிறது. இந்நாட்டில் கூடைப்பந்தைத் தொடர்ந்து போஷித்து வருகின்ற ஸ்தாபனங்களுள் விமானப்படையும் ஒன்று. படையணிகளில் ஆடி முப்பத்தைந்து வயதிலே ஓய்வுக்கு வருகிற வீரர்களையும் வீராங்கனைகளையும், அவர்களுக்குக் கற்பிக்கும் முறையில் ஓராண்டுப் பயிற்சி கொடுத்து, மாகாணக் கல்வித் திணைக்களங்கள் சம்பளத்தோடு பாடசாலைகளில் அமர்த்துமானால், சிங்களப் பிள்ளைக்கும் தமிழ்ப் பிள்ளைக்கும் முஸ்லிம் பிள்ளைக்கும் ஒரே வளையத்தின் கீழே ஆசான் கிடைப்பார். மூன்று பாடசாலைகளுக்கு ஒருவர் என்று தொடங்கினாலும் போதும். வாரத்தில் இரண்டு மாலைப் பொழுதுகள் ஒவ்வொரு பாடசாலைக்கும் கிடைக்கும்.